மே மாதத்து ஸ்வெட்டர்

மூன்று வருடங்களுக்கு முன், எங்கள் கொண்டாப்பூர் ஃபிளாட்டில் மே மாத வெயிலிலும் என் மனைவி சாந்தா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். அவளும் சிரிப்பாள், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு. என் நகைச்சுவையின் தரம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். அவள் குரல் கரகரத்தது, முகம் ஊதியது, பகலெல்லாம் தூங்கினாள். மகன் அமெரிக்காவில் ஐ.டி. வேலையில் சேர்ந்த மிதப்பு என்று அதற்கும் ஒரு கிண்டல் கைவசம் இருந்தது.

அந்த மகனைப் பார்க்கப் போவதற்காக விசாவுக்குப் படம் எடுத்தோம். ஸ்டுடியோக்காரர் லாலாகுடாவிலேயே வளர்ந்த, அந்த ஊர் உருது கலந்து பேசும் தமிழர். பாஸ்போர்ட்டிலிருந்த பழைய படத்தையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நக்கோ சார், வேணாம், ஒத்துக்கவே மாட்டாங்க. இது மேடமா, மேடமோட தங்கச்சியா?"

நான் பதிலுக்கு ஒரு ஜோக்கைத் தேடிக்கொண்டிருந்தபோது சாந்தா மெதுவாகச் சொன்னாள்: "எனக்கே என்னை அடையாளம் தெரியலைங்க. சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல."

அன்றே டாக்டரிடம் போனோம். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "தைராய்டு சுரப்பி வேலையே செய்யல. உடம்புச் சூடு, இதயத் துடிப்பு, மூளையோட வேகம் எல்லாத்துக்கும் அதோட ஹார்மோன் வேணும். இன்னும் விட்டிருந்தா நினைவே தப்பியிருக்கும். நீங்க கவனிக்கலையா?"

எல்லாவற்றையும் கவனித்திருந்தேன். அதுதான் வெட்கம்.

இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையும் தண்ணீரும் நானே கொடுக்கிறேன். காபி ஒரு மணி நேரம் கழித்துத்தான். உடம்புக்கு ஏதாவது என்றால் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். ஜோக்குகளையும் முதலில் அவளிடமே சொல்லிப் பார்க்கிறேன்.

பதில் உடனே வருகிறது: "நல்லா இல்லீங்க."