இழுத்தால் அவிழும் முடிச்சு

கட்டி முடித்த சாம்பார்ப் பையைத் தலைகீழாகப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்குவார் ஐயப்பன். சொட்டு விழாது. அதன் பின்னரே பை வாடிக்கையாளரின் கைக்குப் போகும்.

ரியாத் நகரின் பத்தா பகுதியில், என் மகன் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தள உணவகத்தில் அவர் பார்சல் கட்டுகிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பையின் கழுத்தைத் திருகி, நூலை இறுக்கிச் சுற்றி, வெடுக்கென்று அறுக்கும் அந்தக் கைகளைப் பார்த்தபடியே, வாங்க வந்த இட்லியை நான் மறந்ததுண்டு. “ஜுபைலு வரைக்கும் பஸ்ல கொண்டு போனாலும் ஒழுகாதும்மா” என்பார்.

ஆயினும் அந்த முடிச்சை எவராலும் அவிழ்க்க இயலாது. வெள்ளிக்கிழமைகளில் எதிர்ப்புறப் புல்தரையில் அமர்ந்து உண்ணும் தொழிலாளர்கள், ஒவ்வொரு பையின் மூலையையும் கடித்துத் துப்புவார்கள். மாலையில் புல்லெங்கும் நகத்துண்டு போன்ற பிளாஸ்டிக் துணுக்குகள் மின்னும். துடைப்பத்துக்கும் அவை அகப்படா.

“அண்ணாச்சி, ஒங்க முடிச்ச அவுக்குறதுக்குள்ள எங்க லீவே முடிஞ்சிரும்” என்பார் கட்டுமானத் தொழிலாளி சோலைமுத்து.

“ஒனக்குப் பல்லு எதுக்குல இருக்கு?”

புல்தரைக் குப்பைக்காகக் கட்டட உரிமையாளர் உணவகத்தைக் கண்டித்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. உணவக முதலாளி அகமது கபீர் கையை விரித்தார். “அடுத்த வெள்ளியும் குப்பை கெடந்தா கலாஸ், எல்லாம் முடிஞ்சுது ஐயப்பா. பார்சல் மாஃபி.” பார்சல் இல்லையேல் ஐயப்பனுக்கு அங்கே வேலையும் இல்லை.

சில நாள் கழித்து ஒரு காலை, ஐயப்பன் நூலின் நுனியை மடித்துச் செருகி, சிறிய வால் ஒன்றை வெளியே விட்டார். அதை இழுத்தால் முடிச்சு அவிழும். முதல் பை, இழுக்குமுன்னரே சோலைமுத்துவின் மடியில் அவிழ்ந்தது.

“ரசத்துல குளிப்பாட்டிட்டீங்களே அண்ணாச்சி!”

ஐயப்பன் அடுத்த பைக்கு ஒரு சுற்றுக் கூட்டினார், குலுக்கினார், சொட்டவில்லை.

அந்த வெள்ளியன்று அவர் பார்வை சாலைக்கு அப்பாலேயே இருந்தது. வால்கள் இழுபட்டன. உண்டு முடித்தவர்கள் வெறும் பைகளைத் தூக்குப் பைக்குள் திணித்து, அதே நூலால் கட்டினார்கள். மாலையில் கபீர் புல்தரையை ஒருமுறை சுற்றி வந்தார்; ஒரு துணுக்கும் கண்ணில் படவில்லை.

“நாளைக்குப் பார்சலுக்கு மாவு கூடுதலாப் போடச் சொல்லு” என்று மட்டும் கூறி உள்ளே போனார்.

சோலைமுத்து கோணலாகக் கட்டிய குப்பைப் பை, தொட்டியின் அருகே சாய்ந்து கிடந்தது. ஐயப்பன் சாலையைக் கடந்து போய் அதை எடுத்தார். நூலை அவிழ்த்துத் திருத்தமாகச் சுற்றினார். தலைகீழாகப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிய பிறகே அதைத் தொட்டியில் இட்டார்.