றோஸி அக்காவின் மூன்று கோயில்கள்

கொட்டாஞ்சேனையில் எங்கள் பங்குக் கோயிலைக் கட்டியது யார் என்று வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் றோஸி அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். எந்த மொழியில் கேட்கிறீர்களோ அதற்கேற்ற ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவார்.

தமிழில் கேட்டால், தூத்துக்குடிப் பக்கத்து முத்து வியாபாரி. புயலில் தோணி உடைந்து, மாதாவுக்கு நேர்ந்து, கரை சேர்ந்த கையோடு அத்திவாரம் போட்டாராம். சிங்களத்தில் கேட்டால், முகத்துவாரத்து மீனவன். செத்துப்போனான் என்று எல்லோரும் அழுது முடித்த பிறகு படகோடு வந்து நின்றானாம். அந்தச் சந்தோசத்தில் ஊரே கல் சுமந்ததாம். ஆங்கிலத்தில் கேட்டாலோ, ஒல்லாந்துத் துரைசாணி. கப்பலில் போன புருசன் உயிரோடு திரும்பியதும் கத்தோலிக்க வேதத்துக்கு மாறி, நகையெல்லாம் விற்றுக் கட்டினாளாம். துரைசாணி அழும் இடத்தில் அக்காவும் மூக்கை உறிஞ்சுவார். வெளிநாட்டுக்காரர் பெரிய மெழுகுவர்த்தியாகப் பார்த்து வாங்குவார்கள் அல்லவா!

எங்கள் கோயிலில் மூன்று மொழியிலும் தனித்தனியாகப் பூசை நடக்கும்; பாட்டுக் குழுவில் இருக்கும் எனக்கு மூன்றும் விளங்கும். "ஏனக்கா இந்தப் புளுகு?" என்று கேட்டால், "போடி, கட்டினவன் வந்து வழக்குப் போடப்போறானோ?" என்பார்.

இந்த வருடம் வந்த புது ஃபாதருக்கு இதெல்லாம் தெரியாது, பாவம். பூசை முடிவில் அறிவித்துவிட்டார்: "திருவிழாவுக்கு முதல் நாள் மூன்று மொழிப் பூசைக்கும் வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கூடுவோம். கோயிலின் வரலாற்றை றோஸி அக்கா மூன்று மொழியிலும் சொல்லுவா."

எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவின் முகம் செத்துப்போனது. அன்றைக்கே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, என்ட மானம் கப்பலேறப் போகுது. மூண்டு கூட்டமும் பக்கத்தில பக்கத்தில இருந்து கேட்டா, பிறகு எந்த மூஞ்சியோட நான் வாசல்ல இருக்கிறது? அந்த வாசலை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்?"

"நல்லா வேணும்! புளுகினதுதான் புளுகினியள், ஒண்டையே புளுகியிருக்கலாம்தானே. இனி ஏதாவது ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு மற்றதை விடுங்கோ."

"எதையடி விடுறது? மூண்டிலயும் கடலுக்குப் போன ஆள் திரும்பி வருது. கவனிச்சனியா?"

நான் கவனித்திருக்கவில்லை. அக்காவின் புருசன் நெவில், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது முகத்துவாரத்திலிருந்து படகில் போனவர். போனவர் போனவர்தான். எனக்கு அதற்குமேல் சிரிப்பு வரவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அந்த நாளும் வந்தது. கோயில் நிறைந்த சனம். அக்கா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூன்று மொழியிலும் ஒரே விசயத்தைச் சொன்னார்: "இந்தக் கோயிலைக் கட்டினது ஆர் எண்டு எனக்குத் தெரியாது. நான் சொன்னதெல்லாம் பச்சைப் பொய்."

ஐயையோ, அதற்குப் பிறகு எழும்பிய சத்தம்! இரும்புக்கடைக் குரூஸ் துள்ளி எழும்பினார். "அந்த முத்து வியாபாரி என்ட பூட்டன் எண்டு நான் சம்பந்தி ஆக்களுக்கெல்லாம் சொல்லிப்போட்டனே!" ஆங்கிலப் பூசைக்காரி ஒருத்தி, தன்னுடைய மூக்கே துரைசாணியின் மூக்குத்தான் என்று ஃபாதரிடம் அடித்துச் சொன்னாள். மீனவன் கதையை நம்பிய சிங்களப் பூசைக்காரர் நடுவில், றோஸிக்கு வயது போய் மறதி வந்துவிட்டது என்று தீர்ப்பே வந்துவிட்டது.

அக்கா ஒலிவாங்கியை விடவில்லை.

"ஒண்டு மட்டும் எனக்குத் தெரியும். என்ட நெவிலுக்குப் பிரேதம் கிடைக்கேல்லை. பிரேதம் இல்லாமல் என்ன பூசை எண்டு கனபேர் கேட்டவை. ஆனா அப்ப இருந்த ஃபாதர் இந்தப் பீடத்துக்கு முன்னால அவற்ற சேர்ட்டை மடிச்சு வச்சுப் பூசை செய்து தந்தவர். அண்டைக்கு மூண்டு பூசைக்காரரும் வந்து என்னோட நிண்டவை. இந்தக் கோயிலைப் பற்றி நான் கண்ணால கண்டது அவ்வளவுதான்."

சிங்களத்தில் அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. ஆங்கிலத்தில் பாதியோடு நிறுத்திவிட்டார். குரூஸ் உட்கார்ந்தார்.

மறுநாள் அக்கா பயந்து பயந்துதான் மெழுகுவர்த்தி மேசையை வாசலில் போட்டார். முதல் ஆளாகக் குரூஸ் வந்தார், சம்பந்தி அம்மாவையும் கூட்டிக்கொண்டு. "றோஸி, இவவுக்கும் கோயில் கதையைச் சொல்லுங்கோ" என்றார்.

அக்கா நெவிலின் கதையைச் சொன்னார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "பிறகு, அவர் திரும்பி வந்தவரோ?"

'வந்தவர்' என்று சொல்லிவிட அக்காவுக்கு ஒரு சொல் போதும். எத்தனை பேரைக் கரை சேர்த்த வாய்!

"இல்லையம்மா," என்றார் அக்கா. "வரேல்லை."