பூயாக் கொப்பரைக்குப் போட்ட தாழ்ப்பாள்

நார்பெர்ட் டெல்ஃபோஸ் வீட்டை விட்டு எங்கே கிளம்பினாலும் இரண்டு முறை கிளம்புவார். பிக்கப் வண்டி தெருமுனை வரைக்கும் போகும், நிற்கும், பிறகு திரும்பி வரும். கேரேஜ் கதவு மூடியிருக்கிறதா என்று இருக்கையில் இருந்தபடியே ஒரு பார்வை. மூடித்தான் இருக்கும். மறுபடியும் கிளம்புவார். எதிர்வீட்டுப் பெண்மணி ஒடீல் மசார் பல வருஷமாகச் சமையலறை ஜன்னல் வழியே இதைப் பார்த்து வருகிறார். முதல் தடவைக்குக் கையசைக்கவே மாட்டார். "அது ஒத்திகைதான?" என்பார்.

இத்தனைக்கும் அந்தக் கேரேஜில் எடுத்துக்கொண்டு போக அப்படி ஒன்றும் கிடையாது. நார்பெர்ட் குளிர்காலத்தில் கவுண்டியின் பனி தள்ளும் லாரியை ஓட்டுவார், கோடையில் சாலையோரப் புல்லை வெட்டுவார். கேரேஜில் மீன்பிடி சாமான்கள், பியர் நிரப்பிய ஒரு பழைய குளிர்பெட்டி, மடக்கு நாற்காலிகள். கோடை மாலைகளில் கதவைத் தூக்கிவிட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். போகிறவர் வருகிறவர் நின்றால் ஒரு பியர் நிச்சயம். வாசல் பனியைத் தள்ளும் மெஷினைக் கேட்டால் பெட்ரோல் ஊற்றியே கொடுப்பார். பறிகொடுக்கப் பயப்படுகிற ஆள் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த வருஷம்தான் பயம் வந்தது. காரணம், கொப்பரை.

கிரீன் பே நகருக்குக் கிழக்கே, பெல்ஜியத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர்களில் கோடைக் கோவில் திருவிழா என்றால் பூயாதான். கோழி, மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், உருளை, கேரட் எல்லாவற்றையும் ஒரே கொப்பரையில் போட்டு, விறகுத் தீயில் காலையிலிருந்து கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். எலும்பு தானாகக் கழன்றால் பதம். அதற்கு ஒரு தலைமைச் சமையல்காரர் உண்டு. கோவிலில் பாதிரியாருக்கு அடுத்த மரியாதை அவருக்குத்தான். நார்பெர்ட் தலை நரைக்கும் வரை வெங்காயம் உரித்தார். அதற்கப்புறம் விறகு தள்ளினார். அந்த வசந்தத்தில், அதுவரை அந்தப் பொறுப்பில் இருந்த, முழங்கால் போன கிழவர் கிளாரன்ஸ், "இனிமே நீ பாத்துக்கப்பா" என்று கையைப் பிடித்துச் சொன்னார். திருவிழாவுக்கு முந்தைய வாரம் கொப்பரையைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது தலைமைச் சமையல்காரரின் வேலை. அதனால் கொப்பரை நார்பெர்ட்டின் கேரேஜுக்கு வந்து சேர்ந்தது.

அதே வசந்தத்தில் பக்கத்துச் சாலையில் சில கேரேஜ்களைத் திருடர்கள் திறந்திருந்தார்கள். கதவில் ஒரு கீறல்கூட இல்லை. மேல் இடுக்கில் கம்பியை நுழைத்து, உள்ளே மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றைக் கொக்கி போட்டு இழுத்திருக்கிறார்கள். மின்சாரம் போனால் கதவைக் கையால் திறப்பதற்கென்று வைத்த கயிறு அது.

"இதை யாரு திருடப்போறா?" என்றார் மனைவி பாலீன், கொப்பரையைச் சுற்றி வந்தபடி. "தூக்கவே நாலு பேரு வேணும்."

"நாலு பேரா வந்தா?"

"நாலு பேரு வந்தா உக்காந்து ரெண்டு பியர் குடிச்சிட்டுத்தான் போவாங்க. நீதான் விடமாட்டியே."

நார்பெர்ட் சிரிக்கவில்லை. தன் பொறுப்பில் இருக்கும்போது கொப்பரை காணாமல் போனால் கோவிலில் எந்த முகத்தோடு உட்காருவது? வேலையில் இறங்கினார். சிவப்புக் கயிற்றின் நெம்புகோலை நைலான் பட்டையால் கட்டினார். ஒன்று போதும் என்று கடைக்காரர் சொல்லியும் மூன்று கட்டினார். பக்கவாட்டுச் சின்னக் கதவின் பூட்டுத் தகட்டில் இருந்த குட்டை ஆணிகளைக் கழற்றிவிட்டு, சுவர்க் கட்டைவரை இறங்கும் நீளத் திருகாணிகளை முடுக்கினார். ஜன்னல் வழியே உள்ளே தெரியாதபடி காகிதம் ஒட்டினார். வண்டியின் வெயில் மறைப்பில் சொருகியிருந்த ரிமோட்டை எடுத்துச் சாவிக்கொத்தில் மாட்டினார். கடைசியாக, பெரிய கதவின் இரு பக்கமும், கதவு ஏறி இறங்கும் தண்டவாளத்துக்குள் நுழையும் கனமான இரும்புத் தாழ்ப்பாள்.

"இனிமே எவன் வந்தாலும் வெறுங்கையோடதான் போவான்," என்று பாலீனிடம் சொன்னார்.

திருவிழாக் காலை. பிக்கப்பைப் பின்பக்கமாகக் கேரேஜ் கதவருகே நிறுத்தினார். கோவில் மைதானத்தில் விறகு அடுக்கித் தயாராக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு ஊரே வரும். சின்னக் கதவைத் திறந்து உள்ளே போனார். விசிலடித்துக்கொண்டே, இத்தனை வருஷம் செய்தது போலவே, சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினார்.

தாழ்ப்பாளை எடுக்கவில்லை.

மோட்டார் உறுமியது. கதவு நடுங்கியது. தாழ்ப்பாள் விடவில்லை, மோட்டாரும் விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய கதவின் மேல் பலகை, காலடியில் மிதிபட்ட பியர் டப்பாபோல மடங்கியது. தண்டவாளமும் வளைந்தது. பிறகு ஒரே அமைதி.

நார்பெர்ட் சின்னக் கதவைப் பார்த்தார். கொப்பரையைப் பார்த்தார். அளந்து பார்க்கத் தேவையே இல்லை.

பாலீன் இரவு உடுப்போடு ஓடிவந்தார். அரிந்த முட்டைக்கோஸ் வாளியோடு ஒடீலும் வந்து சேர்ந்தார்.

"நல்ல தாழ்ப்பாள்," என்றார் ஒடீல்.

"ஒடீல், இப்ப வேண்டாம்."

"இல்ல, நெசமாத்தான் சொல்றேன். என் கதவுக்கும் ஒண்ணு வாங்கணும்."

சுத்தியலால் அடித்ததில் ஒரு பக்கத் தாழ்ப்பாள் வந்துவிட்டது. வளைந்த தண்டவாளத்துக்குள் சிக்கிய மற்றது அசையவில்லை. முதல் வருஷமே பூயா இல்லை என்று ஆகிவிட்டால் மறு வருஷம் வெங்காயத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.

"எங்க வீட்ல இரும்பு அறுக்குற மெஷின் இருக்கு," என்றார் ஒடீல். ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "எடுத்துட்டு வரேன். அடுத்த வருஷம் துடுப்பு எனக்கு."

கொப்பரையைக் கிண்டும் படகுத் துடுப்பு அது. அதை யார் பிடிக்கிறாரோ அவர் சொல்வதுதான் உப்பு, அவர் சொல்வதுதான் பதம். அந்தக் கோவிலில் பெண்கள் யாரும் அதைப் பிடித்ததில்லை. பிடிக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, வேண்டும் என்று யாரும் கேட்டதும் இல்லை.

"துடுப்பா?"

"ஒரு மணிநேரம் போதும். நீ பக்கத்துல உக்காந்து பியர் குடி."

"சரி, சரி, எடுத்துட்டு வா."

"பாலீன், கேட்டுக்கிட்டியா?"

"நல்லாவே கேட்டுச்சு," என்றார் பாலீன்.

தீப்பொறி பறக்கத் தாழ்ப்பாள் அறுந்தது. நார்பெர்ட் சிவப்புக் கயிற்றை இழுத்தார். வரவில்லை. தொங்கிப் பார்த்தார். அப்போதும் வரவில்லை.

"திருடன் இழுத்தாலும் வரல, வீட்டுக்காரன் இழுத்தாலும் வரல," என்றபடி பாலீன் சமையலறைக் கத்தரிக்கோலோடு ஏணியில் ஏறி மூன்று பட்டைகளையும் வெட்டினார். தெருக்காரர்கள் சேர்ந்து கதவைத் தூக்கினார்கள். இடுப்பளவுக்கு வந்து நின்றுவிட்டது. கொப்பரையைப் படுக்கவைத்து, கதவுக்கு அடியில் உருட்டி வெளியே எடுத்தார்கள். கான்கிரீட்டில் அது உருண்ட சத்தம் கேட்டு, கோவில் மணி சீக்கிரம் அடித்துவிட்டதென்று ஒரு கிழவி தொப்பியோடு வெளியே வந்தாராம்.

அன்று பூயா தாமதம். பாதிரியாருக்கு யாரோ தகவல் சொல்லிவிட்டார்கள்போல, பிரசங்கம் வழக்கத்தைவிட வெகு நீளமாகப் போனது. அதற்குப் பிறகும் ஜனங்கள் மர நிழலில் சீட்டாடிக்கொண்டு காத்திருந்தார்கள். நல்ல பசி. கொப்பரை திறந்ததும் வீட்டுக்கு எடுத்துப்போகக் காலி ஐஸ்கிரீம் வாளிகளோடு வரிசை வாகன நிறுத்தம் வரை நீண்டது. கிளாரன்ஸ் ஒரு கரண்டி வாயில் போட்டு, கண்ணை மூடி, இன்னொரு கரண்டி கேட்டார். நார்பெர்ட் துடுப்பின் மேல் சாய்ந்து நின்றார். முகம் முழுக்கப் புகைக்கரி. அதன் நடுவே பல் மட்டும் தெரிந்தது.

புதுக் கதவு வந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தால் மோட்டார் ஓடாத வகை அது. அதன் பிறகு அந்தத் தெருவில் நார்பெர்ட் பூட்டாத கேரேஜ் இல்லை. யார் கூப்பிட்டாலும் கருவிப்பெட்டியோடு போய் நீளத் திருகாணி போடுவார், கயிற்றின் நெம்புகோலில் ஒரே ஒரு பட்டை கட்டுவார், "தாழ்ப்பாள் போட்டா மொதல்ல மோட்டார் பிளக்கைப் புடுங்கு" என்பார். "அனுபவமா?" என்று கேட்பார்கள். "கேள்விப்பட்டேன்," என்பார். ஒடீலின் கதவுக்கும் இலவசமாகத்தான் செய்தார். அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார், தேவையில்லாத ஒரு பூட்டையும் சேர்த்துப் போட்டார்.

துடுப்பு மட்டும் கைமாறவில்லை. அடுத்த வருஷம் காற்று சரியில்லை, தீ பக்கவாட்டில் அடிக்கிறது என்றார். அதற்கடுத்த வருஷம் பிஷப் வருகிறார், பழகின கை இருந்தால் நல்லது என்றார். பிக்கப், ஏணி, வார விடுமுறை எதைக் கேட்டாலும் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கிறவர் அந்த ஒரு கட்டையை மட்டும் எதற்காக இப்படி இறுக்கிப் பிடிக்கிறார்? கேட்டால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது. வெங்காயம் உரித்த வருஷங்களை அவர் மறந்துவிட்டாரா, அல்லது மறக்க முடியாததால்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாரா?

ஒடீல் சண்டை போடவில்லை. இந்த ஆகஸ்டிலும் கொப்பரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் அரிந்தார். நார்பெர்ட் குனிந்து கிண்டும்போது மட்டும் கத்தியை நிறுத்தி, "கை வலிக்குதா நார்ப்?" என்று கேட்டார்.

"இல்லயே," என்றார் நார்பெர்ட், வேகத்தைக் கொஞ்சம் கூட்டி.

"வலிச்சா சொல்லு," என்றபடி ஒடீல் அடுத்த முட்டைக்கோஸை எடுத்தார்.