எரிவாயுக் கிணற்றருகே அக்கா

அக்காவைத் திருவாரூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக் கொல்லைக்கு அப்பால் எரிவாயுக் கிணறு தோண்டிய பிறகு தலைவலி, இருமல் என்று போனில் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு மழைக்காலத்தில் மூச்சுவிடத் திணறிக்கொண்டு, நகரத்தில் மர்பி டவுன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"வீட்ல யாராச்சும் சிகரெட் பிடிக்கிறாங்களா? விறகு அடுப்பா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க சார். பின்னால கேஸ் கிணறு இருக்கு. ராப்பகலா நெருப்பு எரியும். காத்து திரும்பிச்சுன்னா அழுகின முட்டை நாத்தம்" என்றாள் அக்கா.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அதனாலதான்னு என்னால உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா அங்க திரும்பிப் போகாதீங்க."

எங்கள் தெருவிலும் புகைக்குக் குறைவில்லை. ஆனாலும் சில வாரங்களில் அக்கா இருமாமல் மாடியேறித் துணி காயப்போட்டாள். அன்று மாலையே ஊரிலிருந்து அவள் மகள் பேசினாள். பேச்சுக்கு நடுவே இருமினாள்.

"அவளயும் இங்க வரச்சொல்லுக்கா. நீ போகாத" என்றேன்.

"அவ வரட்டும்டி. உங்க மாமா நிலத்த விட்டு வரமாட்டாரு. அந்த இடத்த இனிமே யாரு வாங்குவா?"

மறுநாள் பஸ் ஏறினாள். சொன்னபடி மகளை அனுப்பிவைத்தாள். பெண்ணின் இருமல் நின்றது. எங்களோடு இருந்துதான் காலேஜ் போகிறாள்.

அக்கா அடுத்த பொங்கலைப் பார்க்கவில்லை. மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துபோனாள். காரியம் முடிந்ததும் மாமாவை எங்களோடு வந்துவிடும்படி கூப்பிட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.