ஒவ்வொரு மணிக்கும்

1983-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணிக்கு அது தொடங்கியது. பெருமாள்மலையிலிருந்து கீழே இறங்கும் சரிவில், ஒரு காபித் தோட்டத்தின் அலுவலகத்தில், சுவரில் மாட்டியிருந்த பழைய தொலைபேசியின் கைப்பிடியை மூன்று முறை சுழற்றிவிட்டுக் காத்திருந்தேன். மறுமுனையில் எவரும் எடுக்கவில்லை. பதிவேட்டைத் திறந்து, ‘8.00 – பதில் இல்லை’ என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அந்த அழகின் மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

அப்போது நான் மதுரையில் தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில், அந்தத் தோட்டத்து எழுத்தர் ஒருவர் விடுப்பில் போனதால், அவருடைய இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். வில்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவேன். தோட்டத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. மேலே அலுவலகம், ஐந்து மைல் கீழே, கீழ்ப்பிரிவு. இரண்டையும் இணைத்தது ஒரே ஒரு கம்பி. சாலையில் மண் சரிந்தாலும், யாருக்கேனும் உடம்புக்கு முடியாமற்போனாலும், அந்தக் கம்பி வழியாகத்தான் சொல்ல வேண்டும். இல்லையேல் ஓர் ஆள் இரண்டு மணி நேரம் நடந்து வர வேண்டும்.

கீழ்முனைத் தொலைபேசி, பிள்ளைக் காம்பராவில் இருந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் கூடம் அது. அதைப் பார்த்துக்கொண்டவர், சில ஆண்டுகளுக்கு முன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கணவர் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். அந்த வேலை இருக்கும்வரைதான், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவர்களுக்கு ஓர் அறை.

அதற்கு முந்தைய வாரம் இடி விழுந்து கீழ்ப்பிரிவுத் தொலைபேசி கருகிப்போனது. புதியதைப் பொருத்தியபின், அதுவும் இடியில் கருகாமலிருக்க மேலாளர் ஓர் ஏற்பாடு செய்தார். இரு முனைகளிலும் கம்பியைச் சுவிட்ச் போட்டுத் துண்டித்து வைக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை மட்டும் பத்து நிமிடம் இணைத்து, ஒருவரை ஒருவர் அழைத்துப் பார்க்க வேண்டும். தலைமை எழுத்தர் அதற்கு ஒரு வரைவு எழுதித் தந்தார். அது வளவளவென்று இருந்ததாக எனக்குத் தோன்றியது. மிகையான சொற்களை அடித்து, ‘ஒவ்வொரு மணிக்கும் கம்பியை இணைத்துப் பத்து நிமிடம் காத்திருக்கவும்; ஏனைய நேரங்களில் துண்டித்து வைக்கவும்’ என்று செதுக்கினேன். திங்கட்கிழமை ஜீப்பில் அது கீழே போயிற்று.

செவ்வாயன்று எட்டுக்கும் ஒன்பதுக்கும் பத்துக்கும் பதினொன்றுக்கும் பதில் இல்லை. பன்னிரண்டுக்குக் கணீரென்று குரல் வந்தது. ஒன்றுக்கும் வந்தது. இரண்டிலிருந்து மறுபடி மௌனம். புதனும் அப்படியே. தலைமை எழுத்தர் காரணம் கண்டுபிடித்துவிட்டார். பனியில் நனைந்த கம்பி உச்சி வெயிலில் காய்கிறதாம்; இரண்டு மணிக்கு மஞ்சு இறங்கியதும் செத்துப்போகிறதாம். எனக்கும் அது கவித்துவமாகவே பட்டது. லைன்மேனைக் கம்பங்களில் ஏற்றினார்கள். அவர் கம்பியைத் தாங்கும் பீங்கான்களை மாற்றினார். கம்பியை இழுத்துக் கட்டினார். வியாழனும் அப்படியே.

ஒவ்வொரு நண்பகலும் நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன், காலையிலிருந்து ஏன் எடுக்கவில்லை என்று.

“நானா எடுக்கல? மணிக்கு மணி நின்னு சுத்துறேன் தங்கச்சி, கை கழண்டு போகுது. நீங்கதான் அங்குட்டு எடுக்க மாட்டேங்குறீங்க!”

எனக்குச் சினம் தலைக்கேறியது. தொலைபேசிக்கு அருகிலேயே அமர்ந்திருப்பவளிடம் இப்படியும் ஒரு பொய்யா? ‘மறுமுனையினர் பொய் கூறுகிறார்’ என்று பதிவேட்டில் எழுதினேன். சந்திப்பிழை இல்லாமல் எழுதினேன்.

வியாழன் மாலை, கம்பியில் குறையே இல்லை என்று லைன்மேன் அடித்துச் சொல்லிவிட்டார். அப்படியானால் குறை ஆளிடம்தான் என்று முடிவாயிற்று. “சிலோன்காரிக்கு எல்லாமே எளக்காரம். தூங்குறா,” என்றார் தலைமை எழுத்தர். கீழே இறங்கிப் போய் ஒரு முறை பார்ப்போம் என்று அலுவலகத்தில் இருந்த மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த மூவரில் நானும் ஒருத்தி. வேலை நீக்க உத்தரவை எழுதச் சொன்னார்கள்: “நீதான் நல்லாத் தமிழ் எழுதுவியே, எழுதும்மா.” எழுதினேன். மேலாளர் கையொப்பமிட்டார். சாட்சியாக இணைக்கப்பட்டது என் பதிவேட்டின் நகல்: மூன்று நாளில் இருபத்து நான்கு ‘பதில் இல்லை.’

வெள்ளிக்கிழமை, உத்தரவைக் கொடுத்துக் கையொப்பம் வாங்கிவர என்னையே அனுப்பினார்கள். லைன்மேன் துணைக்கு வந்தார். பிள்ளைக் காம்பராவை அடைந்தபோது மணி பத்து ஐம்பது. ஆறேழு தூளிகள் ஆடிக்கொண்டிருந்தன. அந்தப் பெண் ஒரு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே எங்களை வரவேற்றார். “வாங்க தங்கச்சி. போன்ல கோவக்காரியா இருந்தீங்க, நேர்ல சின்னப் பிள்ளையா இருக்கீங்களே. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?”

நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று ஆயிற்று. அவர் எழவில்லை. பதினொன்று ஐந்து. எழவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மகிழ்ச்சி எனக்கு. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

“பாத்தீகளா தாயி? மணி பதினொண்ணு ஆகிப்போச்சு, அசையுறாளான்னு பாருங்க,” என்று லைன்மேன் பொருமினார். “இவளால நாலு நாளாக் கொரங்கு கணக்காப் போஸ்ட்டு ஏறுறேன்.”

“ஏறுனா ஏறுங்க அண்ணே, ஒடம்புக்கு நல்லது,” என்றார் அந்தப் பெண். பிறகு என்னைப் பார்த்து, “மணிதான் இன்னும் அடிக்கலையே?” என்றார்.

“எந்த மணி?”

அவர் முகவாயால் வெளியே காட்டினார். பலா மரக்கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. “காலைல ஆறுக்கு ஆள் கூட்டுற பெரட்டு மணி. ஒன்பதரைக்குத் தேத்தண்ணி மணி. பன்னெண்டுக்கு ஒண்ணு, ஒரு மணிக்கு ஒண்ணு. நாலரைக்கு வேலை விடுற மணி. கணக்கப்பிள்ளை ஐயா தன்னோட வாட்ச்சைப் பாத்து அடிப்பாரு. இந்த அஞ்சு மணிக்கும் ஓடிவந்து நிக்கிறேன். நீங்க எழுதுன மாதிரித்தானே செய்யுறேன்?”

சுவரில், திங்களன்று நான் சுருக்கி அனுப்பிய உத்தரவு சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. அவர் விரல் வைத்து நிதானமாகப் படித்தார்: “ஒவ்வொரு – மணிக்கும்.” பிறகு சிரித்தார். “உங்க எழுத்துதானே? மணிமணியா இருக்கு.”

உத்தரவுக்குக் கீழே, அடுப்புக்கரியால் பதினொரு கோடுகள் போட்டிருந்தார். மணி அடித்தும், அவர் சுழற்றியும், அலுவலகம் எடுக்காத பதினொரு வேளைகள். அந்த வேளைகளில் எங்கள் முனையில் கம்பியைத் துண்டித்து வைத்திருந்தோம். எனக்கு அவர் செத்த முனை; அவருக்கு நான் செத்த முனை. நண்பகலிலும் ஒரு மணிக்கும் மட்டும் அவருடைய மணியும் என்னுடைய மணியும் ஒன்றாயின. வெயிலுமில்லை, மஞ்சுமில்லை.

“கடியாரம் ஒண்ணு வேணும்னு வந்த நாள்ல இருந்து கேக்குறேன்,” என்றார் அவர். “பிள்ளை பாக்குறவளுக்குக் கடியாரம் எதுக்குன்னு சொல்லிட்டாங்க.”

லைன்மேன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். “அட, இந்தச் சுவத்த மொதல்ல பாத்திருந்தா எம் முட்டி தேஞ்சிருக்காதே,” என்று முனகினார்.

“ஆமா, என்ன விசயமா வந்தீங்க தங்கச்சி?”

என் பையில் வேலை நீக்க உத்தரவு இருந்தது. “கம்பியைப் பார்க்க வந்தோம்,” என்றேன். அந்த வாரம் முழுவதும் அந்தக் கம்பியின் இரு முனைகளிலும் சொல்லப்பட்ட ஒரே பொய் அதுதான்.

மாலையில் அலுவலகம் திரும்பி, நடந்ததைத் தலைமை எழுத்தரிடம் சொன்னேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து தம் வரைவை எடுத்து என் முன் போட்டார். ‘ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை’ என்று அதில் இருந்தது. அதில் ‘நேரத்துக்கு ஒரு தடவை’ என்பதை என் பேனா அடித்திருந்தது.

“இப்ப இதக் கெளப்புனா யாரு பேரு கெடும்? உன் பேருதான். பேசாம இரு. அவளுக்கு வேற தோட்டமா இல்ல?”

வரைவைக் காட்டி அவர் சொன்னது உண்மை என்பதாலேயே என் சினம் இரட்டித்தது. ஆனால் கடிகாரமே இல்லாத இடத்துக்கு மணிக்கணக்கை அனுப்பியவர்கள், கம்பத்தைச் சோதித்து, பீங்கானைச் சோதித்து, வானிலையையும் சோதித்தவர்கள், எந்த மணிக்குச் சுழற்றுகிறாய் என்று அந்தப் பெண்ணை ஒரு கேள்வி கேட்கவில்லை. என் பெயரைக் காக்க அவருடைய அறை போக வேண்டுமாம்.

மறுநாள் சனிக்கிழமை காலை, வேறு எவரும் வருமுன் அலுவலகத்தைத் திறந்தேன். பதிவேட்டில் இருபத்து நான்கு வரிகளுக்கும் கீழே சிவப்பு மையால் எழுதினேன்: ‘இவை கம்பியின் பிழையும் அல்ல, கீழ்ப்பிரிவுப் பெண்ணின் பிழையும் அல்ல. உத்தரவைச் சுருக்கி எழுதிய என் பிழை.’ மறுமுனையினர் பொய் கூறுகிறார் என்ற வரியை அடித்தேன். கையொப்பமிட்டேன். நீக்க உத்தரவை இரண்டாகக் கிழித்து, திறந்த பதிவேட்டின்மேல் வைத்து, மேலாளர் மேசையில் விட்டேன். (அந்தப் பெண் வேலையில் தொடர்ந்தார். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று எனக்குத்தான் சொன்னார்கள்.) பிறகு ஒரு முக்காலியில் ஏறி, அலுவலகச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினேன். அது இருந்த இடத்தில் சுவர் வட்டமாக வெளுத்திருந்தது. எட்டு மணிக்கு அரிசி மூட்டைகளோடு கீழே புறப்பட்ட ஜீப்பில், அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

பிள்ளைக் காம்பராவில், கரிக்கோடுகளுக்கு மேலே அதை மாட்டினோம். சாவி கொடுத்து, என் கைக்கடிகாரத்தைப் பார்த்து முள்ளைத் திருத்தினேன். பதினொன்று அடித்ததும் அந்தப் பெண் சுவிட்ச்சை இறக்கிக் கைப்பிடியைச் சுழற்றினார். உடனே பதில் வந்தது. தூளிக் குழந்தைகள் விழித்துக்கொள்ளும் அளவுக்கு, தலைமை எழுத்தரின் குரல் தெள்ளத் தெளிவாகக் கேட்டது: “ஆபீஸ் கடியாரம் எங்க?”

“இங்கனதான் இருக்கு ஐயா,” என்றார் அவர். “மணி பதினொண்ணு.”

இப்போது முதுகலை படிக்கிறேன். என் உரைநடை சுருக்கமானது, பிழையற்றது என்று ஆசிரியர்கள் பாராட்டும்போதெல்லாம் அந்தப் பதினொரு கரிக்கோடுகள்தாம் கண்முன் நிற்கின்றன, அவற்றைப் பார்த்து மூண்ட சினம் ஆறிவிடக் கூடாது என்றே நான் விரும்புகிறேன்.