ஒரே நம்பர், இரண்டு மருமகள்கள்

பெரம்பலூரில் நான் பல் மருத்துவமனை நடத்திய கடைசி வருடங்களில், எக்ஸ்ரே எடுக்கும் கம்ப்யூட்டரையும் நோயாளிகளின் விவரம் இருந்த கம்ப்யூட்டரையும் இணைத்தார்கள். பெயரும் போன் நம்பரும் ஒத்துப்போனால் இரண்டு பதிவுகளும் தானாக ஒன்றாகிவிடும். வயது மட்டும் வேறாக இருந்தால், இருவரும் ஒருவர்தானா என்று திரை என்னைக் கேட்கும்.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து வரும் பெண்கள் பெரும்பாலும் தங்கள் நம்பரைத் தரமாட்டார்கள். கணவன்மார் துபாயிலோ குவைத்திலோ இருப்பார்கள். வீட்டில் இருக்கும் மாமனாரின் நம்பர்தான் எல்லோருக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், ஒரே பெயருள்ள இரண்டு மருமகள்களைத் திரை காட்டியபோது, வயதை யார்தான் சரியாகச் சொல்கிறார்கள் என்று நினைத்து 'ஆம்' என்று அழுத்தினேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. எனக்கிருந்த அவசரம் அவ்வளவுதான்.

மூத்தவளுக்குப் பென்சிலின் ஆகாது. நானே அதைச் சிவப்பு எழுத்தில் பதிந்திருந்தேன். ஒன்றான பதிவில் இளையவளின் விவரமே நின்றது: ஒவ்வாமை எதுவும் இல்லை.

பிறகு ஒருநாள் மூத்தவள் கடைவாய் வீங்கி வந்தாள். மருந்து எழுதினேன்.

"எல்லாம் பாத்துதானே எழுதுறீங்க டாக்டர்?"

நான் திரையைத் தட்டிக் காட்டினேன். "இதுக்கு என்னைவிட ஞாபகம் ஜாஸ்திம்மா."

"அப்ப எங்க மாமாவுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க. கண்ணாடிய எங்க வச்சாருன்னே தெரியாம வூட்டயே பொரட்டுறாரு."

இருவரும் சிரித்தோம்.

அன்று சாயங்காலம் அவளுக்கு முகமும் தொண்டையும் வீங்கி மூச்சு முட்டியது. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தாள். செய்தி வந்ததும் பதிவைத் திறந்து பார்த்தேன். நான் செய்தது என்னவென்று புரிந்தது.

உடம்பு தேறியதும் மாமனாருடன் வந்தாள்.

"தப்பு எம்மேலதான் டாக்டர். பென்சிலின் ஆவாதுன்னு நான் ஞாபகப்படுத்தியிருக்கணும்."

"அல்லா காப்பாத்துனான்," என்ற பெரியவர் அவள் பக்கம் திரும்பினார். "வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்? அவரு என்ன ஜோசியரா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பேச வேண்டிய இடம் அது. பேசினேன்.

"இனிமேலாவது சொல்லும்மா."

போலீஸுக்கோ கோர்ட்டுக்கோ பயந்து அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பெரியவர் என் மேல் வைத்திருந்த மரியாதை போய்விடுமே என்றுதான். அவர்கள் போனபின் இரண்டு பதிவுகளையும் தனித்தனியாகப் பிரித்தேன். அவளிடம் உண்மையைச் சொல்லவேயில்லை.

அதற்குப் பிறகு எப்போது வந்தாலும், நாற்காலியில் உட்காருமுன்பே, "டாக்டர், எனக்குப் பென்சிலின் ஆவாது" என்பாள். அப்போதுதான் கேள்விப்படுகிறவன்போல ஒவ்வொரு முறையும் தலையாட்டினேன்.