பொங்கல்படியில் ஓர் இங்க் பாட்டில்

எழுபதுகளில் எங்கள் ஊரில் பணத்துக்கு வழி சொல்ல ஓர் அண்ணாச்சி இருந்தார். வாரா வாரம் பத்திரிகையில் எழுதுவார். மாப்பிள்ளையூரணி தொடங்கிக் காயல்பட்டினம் வரைக்கும் அவர் எழுதினதைப் படித்துவிட்டுத்தான் சீட்டுச் சேருவார்கள், நகை வாங்குவார்கள், மகள் கல்யாணத்துக்கு எவ்வளவு தாங்கும் என்று யோசிப்பார்கள். நரைத்த மீசைக்காரர், கடைவீதியில் புரண்டு எழுந்தவர் என்று ஊரே பேசிக்கொண்டது. துறைமுகத்துப் பக்கம் அவரை நேரில் பார்த்ததாகச் சத்தியம் செய்தவர்கள்கூட உண்டு.

அந்த அண்ணாச்சி என் அத்தை. அப்பாவின் தங்கை.

இது அத்தைக்கும் மாமாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். நான் ஆறாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன். இன்றைக்கு எனக்குக் கடைகள் இருக்கின்றன, சரக்கு அடுக்கச் சொந்தக் கிட்டங்கி இருக்கிறது, பாங்குக்குப் போனால் மேனேஜர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுகிறார். பட்டம் வாங்கினவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். எல்லாம் என் மூளையால் வந்தது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் வாயை எங்கே மூட வேண்டும் என்பதை மட்டும் அத்தை வீட்டில்தான் படித்தேன்.

மாமா ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிற வேலை பார்த்தார். அங்கே அச்சான வாரப் பத்திரிகையில் கடைசிப் பக்கம் முழுக்கக் கப்பல் செய்திதான். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, எது எப்போது கிளம்புகிறது. மழைக்காலத்தில் கப்பல் குறைந்தால் பக்கத்தில் ஓட்டை விழும். முதலாளி மாமாவைக் கூப்பிட்டு, “எதையாவது போட்டு அடையும்வே” என்று சொல்லிவிட்டார். மாமா வீட்டுக்கு வந்து தலையைச் சொறிந்தார். அத்தை அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

உப்பளத்துக்காரர்களுக்கு எழுதினது அது. மழை விழுந்தால் அளத்தில் கூலி கிடையாது. ஆகவே வெயில் காலத்துக் கூலியில் ஒரு பங்கை மழைக்கென்று ஒதுக்குங்கள், ஒதுக்கினதை வீட்டில் வைக்காமல் தபாலாபீசில் வையுங்கள், வீட்டில் இருந்தால் கொழுந்தன் கண்ணில் பட்டுவிடும் என்று எழுதியிருந்தாள். மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யார் பேரைப் போட என்று கேட்டார்.

“எம் பேரப் போட்டா எவன் படிப்பான்? அண்ணாச்சி சொல்லுதேன்னு போடுங்க. ஊரே கேக்கும்.”

ஊர் கேட்டது. அடுத்த வாரம் கல் வைத்த நகையைப் பற்றி எழுதினாள். வாங்கும்போது கடைக்காரன் கல்லுக்கும் சேர்த்து விலை வாங்குவான், அடகு வைக்கும்போது கல்லைக் கழித்துவிட்டு எடை போடுவான், அதனால் சாதா சங்கிலியாகப் பார்த்து வாங்குங்கள் என்று. கார்டு கார்டாகக் கேள்விகள் வந்தன. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அத்தை வீட்டுக்கு ஓடுவேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருப்பாள், கை ஈரம். நான்தான் கார்டை உரக்க வாசிக்க வேண்டும். இந்தக் கணீர்க் குரல் அன்றைக்கே எனக்கு உண்டு. கொழுந்தன் கடன் கேட்கிறான், கொடுக்கலாமா என்று ஒருத்தி எழுதியிருப்பாள்.

“கொடுக்கட்டும். திரும்ப வராதுன்னு நெனச்சுக் கொடுக்கட்டும். வந்தா லாபம்” என்பாள் அத்தை, செதிலைச் சுரண்டிக்கொண்டே. அதுதான் வியாழக்கிழமை பத்திரிகையில் வரும். வெளியே சொல்லாமல் இருப்பதற்கு எனக்குக் கூலி, முட்டையும் முந்திரியும் போட்ட ஒரு மக்ரூன்.

இதில் பெரிய கூத்து என் அப்பாதான். பலசரக்குக் கடை வைத்திருந்தார். வியாழக்கிழமை பத்திரிகை வந்ததும் தராசை நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அண்ணாச்சியை வாசித்துக் காட்டுவார். சாயங்காலம் தங்கை வீட்டுக்கு வந்து, “ஏளா, நீயும் இந்த மனுசன் எழுதுதத வாசி. புத்தி வரும்” என்பார்.

“சரிண்ணே” என்பாள் அத்தை. நான் மக்ரூனை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பேன்.

இப்படி இருக்கையில் ஒரு தோணி விலைக்கு வந்தது. கொழும்புக்கு வெங்காயமும் மிளகாயும் ஏற்றிப் போகிற பாய்மரத் தோணி. அப்பாவின் சிநேகிதர் ஒருவர், வெங்காய வியாபாரி, அதை வாங்க ஆசைப்பட்டார். பாங்கில் கடன் கேட்டிருந்தார். ஜாமீன் கேட்டார்கள். அவர் அப்பாவிடம் வந்து, “நீரு கையெழுத்து மட்டும் போடும். வாடகையில உமக்கும் ஒரு பங்கு” என்றார். கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. “போடுதேன்” என்று சொல்லிவிட்டார்.

கையெழுத்துக்குப் பின்னால் எங்கள் கடைப் பத்திரம் இருந்தது. கடைக்குப் பின்கட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம். தோணி முங்கினால் கடையும் வீடும் சேர்ந்து போகும். அம்மா இரண்டு நாளாகக் குழம்புக்கு உப்புப் போட மறந்தாள். அப்பாவுக்கும் தூக்கமில்லை என்பது எனக்கே தெரிந்தது. ஆனால் கடைவீதியில் சொன்ன சொல்லை வாபஸ் வாங்கினவனுக்கு மறுநாள் எந்த மண்டியிலும் சரக்குக் கடன் கிடைக்காது. இப்போதும் அப்படித்தான்; இது வியாபாரம் செய்தவனுக்குத்தான் விளங்கும்.

அம்மா போய் அத்தையிடம் அழுதாள். அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூட்டிப் போக வந்தபோது அத்தை பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, கையெழுத்துப் போடாதீங்க. முங்கினா அவருக்குத் தோணி போகும். உங்களுக்கு அடுப்பே போகும்.”

“ஏளா, கடைவீதி விவகாரம் உனக்கு என்ன தெரியும்? தங்கச்சி பேச்சக் கேட்டுச் சொல்ல மாத்திட்டான்னு ஊரு சிரிக்கணுமா? வெள்ளிக்கிழம காலைல பாங்குக்கு வரச் சொல்லியிருக்கான். போகத்தாம் போறேன்.”

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது, யாரையும் பார்க்காமல், “அந்த அண்ணாச்சியும் இந்த ஜாமீன் விசயத்தப் பத்தி ஒண்ணும் எழுத மாட்டேங்காரே. எழுதினா நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்” என்றார்.

எனக்கு அப்பாமீது கோபமான கோபம். பக்கத்தில் நிற்கிற அண்ணாச்சியை விட்டுவிட்டு எங்கேயோ இருக்கிற அண்ணாச்சியைத் தேடுகிறாரே, இவருக்குப் புத்தி மட்டு என்று முடிவு கட்டினேன்.

அந்த வாரம் பார்த்துத் துறைமுகத்தில் கப்பல் குவிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் ஓட்டையே இல்லை. மாமா ஒரு சிமெண்டுக் கப்பலைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் அண்ணாச்சியைக் கோர்த்தார். அவ்வளவு பெரிய கப்பல் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நின்றுகொண்டிருந்தது. எங்கள் பத்திரிகைப்படி அது ஊருக்கு வரவேயில்லை.

அத்தை எழுதினது எனக்கு இன்றும் மனப்பாடம். சங்கு குளிக்கக் கடலுக்குள் இறங்குகிறவன் தன் இடுப்புக் கயிற்றை யார் கையில் கொடுக்கிறான்? உயிர்ச் சிநேகிதன் கையில் கொடுப்பதில்லை. பெண்டாட்டியோடு பிறந்த மச்சினன் கையில் கொடுக்கிறான். சிநேகிதன் நல்லவன்தான். ஆனால் கயிறு நழுவினால் அவன் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பான். மச்சினனுக்கு அப்படி இல்லை. தாலி போவது அவன் உடன்பிறந்தாளுக்கு. ஜாமீன் போடுவதும் தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரிதான். கயிறு பிடிக்கிறவன் கை விட்டால் அவன் வீட்டிலும் அழ ஆள் உண்டா என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள். ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டுக் கூச்சப்படுகிறவர்கள், அண்ணாச்சி தடுத்துவிட்டார் என்று என்மேல் பழியைப் போடுங்கள். எனக்குத் தலை பெரிசு, தாங்கும்.

வியாழக்கிழமை கடையில் நானும் இருந்தேன். வெங்காய வியாபாரி மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டிருந்தார். அப்பா பத்திரிகையைப் பிரித்து வழக்கம்போல உரக்கத் தொடங்கினார். போகப் போக நிறுத்தி நிறுத்தி வாசித்தார். முடித்ததும் பத்திரிகையை மடித்துத் தராசுமேல் வைத்தார்.

“என்னவே, என்னயத்தாஞ் சொல்லுதாரோ?” என்றார் வெங்காய வியாபாரி.

“பேரு போடலயே. ஆனா அவரு பேச்ச மீறி நான் இதுவரைக்கும் ஒண்ணும் செஞ்சதில்ல, பாத்துக்கிடும். ஊருக்கே தெரியும்.”

நின்றிருந்தவர்களும் ஆமாம் போட்டார்கள். அண்ணாச்சியே சொன்ன பிறகு கையெழுத்துப் போட்டால்தான் தப்பு என்று ஆகிவிட்டது. வெங்காய வியாபாரி பாட்டிலைக் கீழே வைத்தார். கோபிப்பார் என்று பார்த்தேன். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“அப்ப எனக்குந்தான் மச்சினன் இருக்கான். பொங்கலுக்கு வந்து மூக்குமுட்டத் திங்குதாம்லா, கயிறப் பிடிக்கட்டும்.”

மச்சினன் ஜாமீன் போட்டுக் கயிற்றைப் பிடித்தார். கடன் கிடைத்தது. மழை ஓய்ந்ததும் ஓடத் தொடங்கிய தோணி, ஒரு கீறல் விழாமல் வருஷக்கணக்கில் ஓடியது. ஒவ்வொரு தடவை கொழும்பிலிருந்து திரும்பும்போதும் அவர் எங்களுக்கு ஒரு கட்டுச் சோப்பு கொண்டுவந்து போட்டு, “அண்ணாச்சி பேச்சக் கேட்டுப் பங்க விட்ட மகராசா, மேலுக்குத் தேச்சுக் குளியும்” என்பார். அப்பாவும் விடமாட்டார். “கடல்ல காத்தடிச்ச அன்னைக்கெல்லாம் நான் நல்லா ஒறங்கினேம்லா? அது எந்தக் கணக்குல வருமாம்?” என்பார். நான் பிற்பாடு எத்தனையோ பேருக்குக் கைமாற்றுக் கொடுத்திருக்கிறேன், தானம்கூடச் செய்திருக்கிறேன். ஜாமீன் மட்டும் எவனுக்கும் போட்டதில்லை.

அண்ணாச்சியின் புகழ் ஏறியது. மதுரையிலிருந்து ஒரு பெரிய பத்திரிகைக்காரர் அண்ணாச்சியைப் பார்க்க அச்சாபீசுக்கே வந்துவிட்டார். மாமா, அண்ணாச்சி கொழும்புக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி அனுப்பினார். தபாலில் எழுதினால் போதும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். அத்தை அதில் பல வருஷம் எழுதினாள். நரைத்த மீசைக்காரர் என்ற பேச்சும் கூடவே போயிற்று.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. தோணி விவகாரம் முடிந்து வந்த பொங்கல்.

எங்கள் பக்கத்தில் பொங்கலுக்குக் கூடப்பிறந்தவளுக்குப் பொங்கல்படிச் சீர் கொடுக்காமல் ஒருத்தனும் பொங்க மாட்டான். அப்பா கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு ஓலைப்பெட்டியில் அத்தைக்குப் படி அடுக்கினார். பச்சரிசி, கருப்பட்டி, மஞ்சள்குலை, பனங்கிழங்கு. நான் குனிந்து பார்த்தேன். கிழங்குக்கு நடுவில் ஒரு நீல இங்க் பாட்டிலும் ஒரு கட்டு வெள்ளைத்தாளும் இருந்தன. கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்கிற சரக்கு.

ஏதோ கைதவறிப் பெட்டிக்குள் விழுந்திருக்கிறது, அம்மா பார்த்தால் என்ன ஏது என்று கேட்பாள், ஒன்றைப் பிடித்து ஒன்று ரகசியம் வெளியே வந்துவிடும். சத்தம் காட்டாமல் பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்தேன். மஞ்சள்குலைக்குக் கயிறு எடுத்துக்கொண்டு திரும்பினால் பாட்டில் மறுபடியும் பெட்டியில் இருந்தது. இந்தத் தடவை அதைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நழுவினேன்.

“ஏலே, அத எங்க கொண்டு போற?”

“அத்தைக்கு எதுக்குப்பா இங்க்கு? அத்தை என்ன எழுதவா போறா?”

எவ்வளவு சாமர்த்தியமான பதில் பாருங்கள்! அந்த வயசில் வேறு பையனாக இருந்தால் உளறியிருப்பான். அப்பா என்னைப் பார்த்தார். மீசைக்குள் என்னவோ அசைந்தது.

“எழுதாட்டி ஒங்க மாமா பேனாவுக்கு ஊத்தட்டும். வையி உள்ள” என்றார்.

கரும்பைத் தோளில் சாத்திக்கொண்டு அவர் முன்னால் நடக்க, பெட்டியோடு நான் பின்னால் போனேன். அத்தை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். இங்க் பாட்டில் கையில் வந்ததும் அவள் கை நின்றது. நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அவர் கரும்பைச் சுவரில் சாத்தி வைப்பதிலேயே குறியாக இருந்தார். கரும்பு எத்தனை தடவை சாத்தினாலும் சரியாக நிற்கவில்லை.

“அண்ணே, காப்பி குடிக்கேளா?”

“சீனி கொறச்சுப் போடு.”

அவ்வளவுதான் பேச்சு. தப்பித்தோம், அத்தையின் ரகசியத்தை நான் காப்பாற்றிவிட்டேன். அன்றைக்கு அத்தை என் கையில் ஒன்றுக்கு இரண்டாக மக்ரூன் வைத்தாள்; தலையை வேறு தடவினாள். என் திறமைக்குக் கூலி என்று நினைத்து, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டையும் தின்று முடித்தேன். அந்த ரகசியத்தை யாரிடமிருந்து காப்பாற்றினேன் என்று மட்டும் யோசிக்கத் தோன்றவில்லை.